மறு உத்தரவு கேட்காத வாத்தியார்

கொன்றைப்பட்டி போர்டு ஹயர் எலிமெண்டரி பள்ளியின் தலைமையாசிரியராகத் திகழ்ந்து, இந்த 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துடன் ஓய்வு பெறும் உயர்திரு கா. அப்துல் லத்தீப் சாயபு அவர்களுக்கு, உடன் உழைத்த ஆசிரியர்கள் உளமுவந்து வாசித்தளிக்கும் வந்தனோபசாரப் பாராட்டு மடல்.

கேள்விச் செல்வத்தின் கிடங்கே! கேளாதவர்க்கும் கல்வி கொடுத்த கொடையே! மதுரைப் பட்டணத்திலிருந்து மாட்டுவண்டியேறி வந்து, வாடிவாசல் புழுதி பறக்கும் இவ்வட்டாரத்தில் வாழ்நாளெல்லாம் வகுப்பறையே வீடாக வாழ்ந்த வள்ளலே! வந்தனம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவீர்கள். துடைத்து முடிப்பதற்குள் மடலும் முடிந்துவிடும். ஆகையால் இந்த இடத்தில் தங்களிடம் விடை பெற்று, ‘தாங்கள்’ என்பதை ‘அவர்’ என்று மாற்றிக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய கதையைப் போலச் சொல்கிறோம். தாங்களும் வேறு யாரோ ஒருவரைப் போல உட்கார்ந்து கேட்டருள வேண்டும்.

அவருக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. குடிநீர்ப் பானையை மூடி வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு தாக்கீது வந்தால், மூடி மண்ணிலா மரத்திலா என்று எழுதிக் கேட்பார். மரம் என்று பதில் வந்தால், எந்த மரம் என்று மறுபடியும் கேட்பார். சுண்ணக்கட்டி எந்த அளவுக்குத் தேய்ந்தபின் தூக்கி எறியலாம் என்று அவர் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அவர் கடிதம் போய்ச் சேர்ந்தால் ஆபீசில் இருந்த குமாஸ்தாக்கள், “வினாத்தாள் வந்துருச்சுய்யா” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அடுத்த கடிதத்தையும் எழுதுவார்.

இப்பேர்ப்பட்டவர் தம் உத்தியோக காலம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் எங்களை நெடுங்காலம் குடைந்துகொண்டிருந்தது.

1933ஆம் வருஷம் பங்குனியில் வைசூரி பரவியது. தெருவுக்குத் தெரு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வைசூரி என்று யாரும் சொல்லவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். அந்த ஆபத்துக் காலத்துக்கென்று பள்ளிச் சட்டத்தில் சில தற்காலிக மாறுதல்களைச் செய்து மேலிடம் ஓர் உத்தரவு அனுப்பியது. மேலத்தெருப் பெண்கள் பள்ளியைக் காலி செய்து நோயாளிகளுக்குக் கொட்டகையாக்க வேண்டும். அங்கே படித்த பிள்ளைகளை, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அங்கீகாரம் பெற்றிருந்த நம் பள்ளியில் உட்கார வைக்க வேண்டும். புதிதாக எந்தப் பெண் பிள்ளை வந்தாலும், பிறந்த தேதிச் சான்று கேட்காமல், கையில் அம்மை குத்திய தழும்பை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வரி: மறு உத்தரவு வரும் வரை இது அமலில் இருக்கும்.

இதை ஊருக்கு அறிவிக்க வந்த தமுக்குக்காரருக்கு வெயிலில் நாக்கு வறண்டிருக்க வேண்டும். இரண்டு சேதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். “ஆத்தா எறங்குற வரைக்கும் யாரும் ஊரு விட்டு ஊரு போகக் கூடாது, மறு உத்தரவு வர்ற வரைக்கும் பொம்பளப் பிள்ளைகள பெரிய பள்ளிக்கொடத்துக்கு அனுப்பணும் சாமியோவ்.”

எங்கள் பக்கத்தில் உத்தரவு என்றால் அது கோயிலில் கேட்பது. பெண் கொடுக்கவும் கிணறு வெட்டவும் அம்மன் முன்னால் பூப் போட்டு உத்தரவு கேட்கிற ஊர் இது. ஆகவே, ஆத்தாளே பெண் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள் என்று ஊர் முழுக்க நம்பிவிட்டது. அதுவரை எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்காத பிள்ளைகள்கூட வந்து நின்றார்கள். ஆட்டுக்கிடை விருமாண்டி தம் எட்டு வயது மகள் இருளாயியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். சந்தையில் வைத்து எப்போதோ அம்மை குத்தியிருந்ததால் தழும்பு இருந்தது. சாயபு தழும்பைப் பார்த்தார், பெயரை எழுதிக்கொண்டார்.

கோடை மழை விழுந்தது, நோயும் தணிந்தது. கடைசி வீட்டிலும் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிந்தபின், விருமாண்டி மகளை அழைத்துப் போக வந்தார்.

“ஆத்தா எறங்கிட்டா வாத்தியாரய்யா. பிள்ளைய அனுப்புங்க. ஆட்டுக்கு ஆளில்ல.”

“மறு உத்தரவு இன்னும் வரலையே, விருமாண்டி.”

“அப்ப நான் போயி கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். எங்கே போகிறார் என்று சாயபுவுக்குப் புரியவில்லை. சாயங்காலம் விருமாண்டி திரும்பி வந்து, கோயிலில் பூப் போட்டுப் பார்த்ததாகவும், இப்போதைக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று ஆத்தா சொல்லிவிட்டதாகவும், பிள்ளை இருக்கட்டும் என்றும் சொன்னார். அப்போதுதான் சாயபுவுக்கு விஷயம் விளங்கியது.

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பிள்ளைகள் படிப்பதில் அவருக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் இன்னொருவர் தெய்வத்தின் பெயரால் அவர் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. மறுநாள் விடிந்ததும் ஆட்டுக்கிடைக்கே நடந்து போனார்.

“விருமாண்டி, நீ நினைக்கிற மாதிரி இல்லப்பா. அது உங்க ஆத்தா உத்தரவு இல்ல, சர்க்கார் உத்தரவு. பொய்யில உன் பிள்ளைய வச்சுக்க எனக்குப் பிரியமில்ல. கூப்பிட்டா அனுப்பிருறேன்.”

விருமாண்டி சிரித்துவிட்டார். “சர்க்காருக்கு இந்த ஊருக்கு வழி தெரியுமா? ஆத்தா சொல்லாம, இருளாயி படிக்கணும்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குத் திருப்பிக் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்கவில்லை. திரும்பிப் பள்ளிக்கு நடந்தார்.

வைசூரி காலத்துத் தாக்கீதுகள் ஒவ்வொன்றாக ரத்தாகி வந்தன. பெண் பிள்ளைகளைப் பற்றிய உத்தரவை மட்டும் மேலிடம் மறந்துபோயிற்று. மேலத்தெருப் பள்ளியோ கூரை சரிந்து கிடந்தது. அதை யாரும் மறுபடி திறக்கவில்லை. பதினான்கு பெண் பிள்ளைகள் நம் பள்ளியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் பிசகினால் பள்ளியின் அங்கீகாரமே போய்விடும் என்று நாங்கள் பயந்தோம். எங்களுள் மூத்தவரான உக்கிரபாண்டி ஒருநாள் துணிந்து, “ஒரு வரி எழுதிக் கேட்டுருவமாய்யா?” என்றார்.

“மை தீந்து போச்சு” என்றார் சாயபு. மேசை மேல் மைக்கூடு கழுத்து வரை நிறைந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து டெபுடி இன்ஸ்பெக்டர் ஒருவர் தணிக்கைக்கு வந்தார். வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்துப் புருவத்தை நெரித்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று மத்தியானமே அத்தனை பேரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயிருப்பார்கள். அவர் குனிந்து இருளாயியிடம், “நீ எதுவரைக்கும் இங்கே படிப்பாய்?” என்று கேட்டார்.

“மறு உத்தரவு வர்ற வரைக்கும், ஐயா.”

“யாருடைய உத்தரவு?”

“ஆத்தா உத்தரவு.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து சாயபுவைப் பார்த்தார். சாயபு பழைய உத்தரவை எடுத்துக் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, “வைசூரி போய் இரண்டு வருஷமாகிறது. பானை மூடிக்குக்கூட எழுதிக் கேட்கிறவர் நீர் என்று ஆபீசில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதை மட்டும் ஏன் கேட்கவில்லை?” என்றார்.

சாயபு கண்ணாடியைக் கழற்றவில்லை. எங்களுக்கும் கேட்டும் கேட்காத குரலில் சொன்னார். “கேட்டா பதில் வந்துருமே, ஐயா.”

இன்ஸ்பெக்டர் மறுபடி குனிந்தார். இருளாயி பலகையில் எழுதியிருந்த கணக்கைப் பார்த்தார். அது சரியாக இருந்தது. பிறகு தணிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் பெண் பிள்ளைகள் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, “பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது” என்றார். மரியாதை தெரிந்த உக்கிரபாண்டி மைக்கூட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். சாயபு அவர் காலை நன்றாக மிதித்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு ஜட்காவில் ஏறிவிட்டார். உக்கிரபாண்டி ஒரு வாரம் நொண்டினார். ஆனால் அன்றோடு எங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இருளாயி எட்டாவது தேறினாள். மதுரையில் ஆசிரியைப் பயிற்சிக்கு அவளை விருமாண்டியே கூட்டிக்கொண்டு புறப்பட்டார். கோயிலில் பூப் போட்டுக் கேட்டாயா என்று சாயபு விசாரித்தார்.

“எதுக்குக் கேக்கணும்? கேட்டா எதுனாச்சும் சொல்லிப்புடுவா” என்றார் விருமாண்டி.

ஐயா! இனி மறுபடியும் தங்களிடமே வருகிறோம். தாங்கள் இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். வழுவாத நேரமும் வாடாத முகமும், பிரம்பைத் தொடாத கையும் பிள்ளைகளை மறவாத நெஞ்சும் தங்களிடம் இருந்தன என்று வரிசையாக எழுதலாம், எல்லாம் உண்மையே. ஆனால் தாங்கள் கேட்ட ஆயிரம் கேள்விகளைக் காட்டிலும், கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ஊர் தங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இன்று நம் பள்ளியில் பெண் பிள்ளைகள் அறுபது பேர். அந்த உத்தரவு இன்னும் அமலில்தான் இருக்கிறது.

தங்கள் குடும்பத்தாருடன் குறைவற்ற நலமும் நிறைவான அமைதியும் பெற்று, தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். எல்லாருக்கும் மேலான மேலிடத்திலிருந்து தங்களுக்கு மறு உத்தரவு வர வெகுகாலம் ஆகட்டும். தயவுசெய்து அதைப் பற்றியும் எழுதிக் கேட்டுவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத ஆசிரியர்கள்:

மு. உக்கிரபாண்டி, முதல் உதவி ஆசிரியர்
பெ. சிவனாண்டி, உதவி ஆசிரியர்
வி. இருளாயி, தற்காலிக உதவி ஆசிரியை, மறு உத்தரவு வரும் வரை