மூணாவது வரிசை, இடது ஓரம்

அந்த ரெக்கார்டிங்கை இன்னொரு தடவ வைங்க தம்பி. முழுப் பாட்டும் வேணாம், பிள்ளைங்க மூச்சு வாங்குற எடத்துலேர்ந்து வைங்க. இடது பக்க மைக் மட்டும். மூணாவது வரிசை ஓரத்துல நின்ன பொண்ணு, அவ குரலைத் தனியா எடுத்துக் குடுத்தாப் போதும்.

நாப்பது பிள்ளைங்க கொயர்ல ஒரு குரலைப் பிரிக்கிறது லேசு இல்லன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா ஸ்கூல்ல இதுங்களை மேய்க்கிறவ நான். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் பாட்டு மிஸ், சனி ஞாயிறு கச்சேரி. வெள்ளிக்கிழமை கடைசி பெல் அடிச்சதும் ஸ்டாஃப் ரூம்லயே மேடைப் புடவையைச் சுத்திக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். சாக்பீஸ் கையோட மைக்கைப் பிடிச்சிருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

யாரு, இந்தப் பொண்ணா? என் பொண்ணுதான். பத்து வயசு. அவளுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா கொயர்ல சேத்துக்கோன்னு ஒரே அடம். ஏன்டி உசுர வாங்குறேன்னு கேட்டேன். வீட்லதான் நீ இருக்கறதே இல்ல, இங்கயாவது வாரத்துல ரெண்டு பீரியட் உன்னைப் பாத்துக்கறேன்னா. சேத்துக்கிட்டேன். கிளாஸ்ல அம்மான்னு கூப்பிடக் கூடாது, மிஸ்ஸுன்னுதான் கூப்பிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒரு நாள் கேட்டாளா? அம்மா, பாத்ரூம் போகணும்னு கத்துவா, கிளாஸே சிரிக்கும். சொன்ன பேச்சு கேக்காத அடங்காப்பிடாரி.

ஃபோன்லயா? அவ பேசுறது இருக்கு, என்கூட சண்டை போடுறது இருக்கு. பாடுறதுதான் இல்ல. என் கச்சேரி மட்டும் இருக்கு, எரநூறு. அவ பாட்டுன்னா ஆண்டு விழாவுல நீங்க ரெக்கார்ட் பண்ணுன இது ஒண்ணுதான்.

கூட்டிட்டு வந்து இங்கயே பாட வைக்கறதா?

அவ போயி நாலு மாசம் ஆச்சு தம்பி. காய்ச்சல்னு படுத்தா, மூணே நாள். இல்ல இல்ல, தண்ணி வேணாம். நீங்க உக்காருங்க. வைங்க.

இது முன் வரிசைக் குண்டுப் பையன். இது தலைமை டீச்சரோட பேத்தி, எப்பவுமே அரை அடி முந்திக்கும். ஆங், நிறுத்துங்க. மூக்கடைப்போட ஒரு மூச்சு கேக்குதுல்ல, இது அவதான். நான் சொல்லிக் குடுத்த எடத்துல கரெக்டா மூச்சு எடுக்கிறா. அடுத்து வரணும், குரலு. வரலல்ல?

உங்க மைக் மேல தப்பில்ல தம்பி. அன்னிக்கு முன் சீட்ல ஒருத்தர் உக்காந்திருந்தாரு, பெரிய பெரிய மேடையெல்லாம் ஏற்பாடு பண்றவரு. எனக்கு அவர் முன்னாடி பேரு கெட்டுடக் கூடாது. திரை தூக்க ரெண்டு நிமிஷம் இருக்கும். இவ ரிப்பனைக் கட்டி விட்டுக்கிட்டே காதோரமா சொன்னேன், நீ பாடாத கண்ணு, வாயை மட்டும் அசைன்னு. என்னையே பாத்தா. சரி மிஸ்ஸுன்னா. மொத தடவையா அன்னிக்குத்தான் மிஸ்ஸுன்னா.

எதையுமே கேக்காத புள்ளையாச்சே, அதையும் கேக்காம பாடியிருப்பாங்கற நப்பாசையிலதான் வந்தேன்.