நம்பர் மட்டும் போதும்

ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். போன்ல வேவு பாக்குற எதுவும் கெடையாது, சுத்தமா இருக்கு, அதானே சொல்ல வர்றீங்க? ரெண்டு கடையில காட்டிட்டுத்தான், சிம் குடுத்த உங்க கம்பெனியிலயே குடுத்துட்டு வந்தேன். போனையே மாத்திப் பாத்தாச்சு. அப்பவும் எங்க குடிபோனாலும் என் புருஷன் வாசல்ல வந்து நிக்கிறான்.

சொந்தக்காரங்களா? நானும் கூடப்பொறந்த அக்காவைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில அவனே சொல்லிச் சிரிக்கிறான். உன் போனை நான் எதுக்குடி தொடணும், நம்பர் போதும்னு.

எனக்குக் கால் வரணும்னா நான் எந்த டவர் பக்கத்துல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும்ல? அதை வேற நாட்டு போன் கம்பெனி கேட்டாலும் சொல்லிடுவீங்களாம். அந்தக் கம்பெனி பேரைச் சொல்லிக்கிட்டு எவனோ கூலிக்குக் கேட்டாலும் சொல்லிடுவீங்களாம். தெருமுனைக் கடைக்காரர்கூட, விலாசம் கேட்டா நீ யாருப்பான்னு ஒரு வார்த்தை கேப்பாரு சார். டவர் தெருவைக் காட்டிடுது. மிச்சத்தை அவன் வீடு வீடா விசாரிச்சுக்கிறான்.

நம்பரை மாத்துறதா? நல்லா சொன்னீங்க போங்க. வாரம் ஒரு தடவை பொண்ணு அவன்கிட்ட பேசணும், மாத்தினா புது நம்பரையும் குடுத்துரணும்னு கோர்ட்டு உத்தரவு. விலாசம் குடுக்க வேண்டாமாம், நம்பர் குடுத்தா போதுமாம். ரெண்டும் ஒண்ணுதான்னு ஜட்ஜ் ஐயாவுக்கு யாரு சொல்றது? உங்ககிட்ட எழுதிக் கேட்டா, எங்க நெட்வொர்க்ல அப்படி நடக்கவே வாய்ப்பில்ல, ஆதாரம் இருக்கான்னு கேக்குறீங்க.

கோவமா? அதெல்லாம் தீந்துபோச்சு. பயம்தான் சார். என் பொண்ணு செருப்பைக் கழட்டாமத் தூங்குது.

சரி, அந்த போனை அணைக்காமத்தானே வச்சிருக்கீங்க? நல்லது. நான் அதை உங்ககிட்ட குடுத்தது என் அக்காவுக்குக்கூடத் தெரியாது. வெளிய வரவேற்புல யாராவது வந்திருக்காங்களான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். நெத்தியில வெட்டுத் தழும்பு, மரியாதையாத்தான் பேசுவான்.

பொண்டாட்டியைத் தேடுறேன்னானா? அவன்தான். தொரத்திடாதீங்க சார், நீங்க கேட்ட ஆதாரம்தான் அது. உக்கார வச்சு, யாரு சொல்லி இங்க வந்தீங்கன்னு பொறுமையா விசாரிங்க. போன் அங்கயே இருக்கட்டும். அந்த நம்பரை விட்டுட்டுப் போறதுக்குக் கோர்ட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இங்க வண்டியில சாமானெல்லாம் ஏத்தியாச்சு, பொண்ணும் ஏறி உக்காந்துட்டா.