பச்சைத் துண்டைப் பறித்ததாகச் சொல்லப்படும் சம்பவம்

என் பெயர் இஞ்ஞாசியம்மாள், வயது 54, கணவர் பெயர் ஸ்தனிஸ்லாஸ். கம்மாபுரம் அருகே மாதா கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்து வருகிறேன். விவசாயச் சங்கத்தில் இருக்கிறேன். வெளியே கூட்டம் என்றால் சங்கத்தின் பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போவோம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற மல்லாட்டை வாரியத்தின் கொள்முதல் கூடத்தை மூடித் திட்டக்குடிக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பிடுங்கிப்போட்ட காய் என் களத்தில் மழையில் நனைந்து முளைவிடுகிற நிலையில் இருந்ததால், நேற்று விருத்தாசலத்தில் நடந்த வாரியக் கூட்டத்துக்குப் பஸ் ஏறி வந்தேன். வாரியத்தில் விவசாயிகள் பிரதிநிதியாகப் புதிதாகப் போடப்பட்டவர் பாலகிருஷ்ணன், பீங்கான் கம்பெனி முதலாளி. எங்களில் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மேலே இருந்து ஆர்டர் வந்தது, அவர் பிரதிநிதி ஆகிவிட்டார். அவருக்கு நிலம் இருப்பது உண்மை. அதில் களிமண்தான் வெட்டுகிறார்.

கூட்டத்துக்கு முன்னால் போட்டோ எடுத்தார்கள். பாலகிருஷ்ணனைப் பார்த்தால் விவசாயி மாதிரி இல்லை என்று போட்டோக்காரர் சொன்னதன்பேரில், அவருடைய ஆள் ஜெயராஜ் என்னிடம் வந்து, "அக்கா, துண்ட செத்த குடுங்க, போட்டோ எடுத்துட்டுத் தரேன்" என்றார். நமக்காகப் பேசப்போகிறவர்தானே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகு பாலகிருஷ்ணன் என் துண்டோடேயே மேடையில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு கூடத்தை மாற்றுவது பற்றி அதிகாரி கேட்டதற்கு, "விவசாயிங்க தரப்புல ஆட்சேபனை ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு நான் மேடைக்குப் போய், "பேசனது நீங்க, துண்டு என்னோடது. கயட்டிக் குடுங்க" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, போய் உட்காரச் சொன்னார். அதன்பிறகுதான் துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அவர் மறுமுனையை விடவில்லை. கழுத்தை நெரித்ததாக என்மேல் அவர் கொடுத்த புகாரில் இருப்பது பொய். அரசுப் பணியைத் தடுத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். அவர் அங்கே என்ன பணி செய்தார் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

அந்தத் துண்டு இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. அதை என்னிடமே திருப்பித் தர வேண்டும். அவரிடம் கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்கும் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) இஞ்ஞாசியம்மாள்