வேர்க்காத இரண்டு இடங்கள்

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் வீட்டில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் குதிரை ஒன்று இருக்கிறது.

"முதுகெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்குது, ரெண்டு எடம் மட்டும் காஞ்சி கெடக்குதுடி," என்றாள் அக்கா.

"இன்னாக்கா சொல்ற?"

"ஏறப் போனாலே ஒதுங்கி ஒதுங்கிப் போவும். போன வாரம் ஒங்க மாமாவையே கீழ தள்ளிடுச்சி. திமிரு புடிச்சிது, வித்துடலாம்னாரு. நேத்து சேணத்தக் கழட்டுனப்பதான் பாத்தேன். தோளுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வேர்வையே இல்ல. வெரல வச்சி அமுக்குனேன், அதுக்கு ஒடம்பே நடுங்கிப் போச்சி."

"சேணம் அழுத்துதா?"

"ஆமா, அது முதுகுக்குக் குறுகலான சேணம். அழுத்துன எடத்துல வேர்வ எப்டி வரும்? மெத்துனு இருக்கட்டும்னு நாங்க வேற கம்பளிய மடிச்சிப் போட்டோம். அது இன்னும் இறுக்கிடுச்சி."

"அப்றம்?"

"காலைல அகலமான சேணம் ஒண்ண இரவல் வாங்கியாந்து கட்டுனோம். மாமா ஏறுனாரு. அசையாம நின்னுச்சிடி! பெருமூச்சு உட்டுட்டு, தலயத் தாழ்த்திக்கினு தானா நடந்துச்சி."

தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வலியோடயா அத்தினி மாப்பிள்ளைங்களச் சொமந்துச்சி?"

"மேளத்துக்கும் வெடிக்கும் நடுவுல. ஒருத்தரக் கூட கடிச்சதில்ல. மாமா எறங்கி அந்த ரெண்டு எடத்துலயும் கைய வச்சிக்கினு நின்னாரு. டீ ஆறிப் போவுதுன்னு கூப்புடறேன், அவரு காதுலயே விழல."