மின்மினி நான்தான்

எனக்குக் குரல் மட்டும் வயதாகவில்லை. கடைக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் இன்றும், "பாப்பா, பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "நான்தாங்க பெரியவங்க, சொல்லுங்க" என்பேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பது என் வேலை. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். பொறுமை இல்லாவிட்டால் அந்த வேலையில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், மேடம். ஒரே ஒரு வேண்டுகோள். நான் வருத்தப்பட்டதாக எழுதிவிடாதீர்கள். நான் வருத்தப்படவில்லை.

என் கணவர் இறந்தபோது மகள் பல் விழுந்து முளைக்கும் வயதில் இருந்தாள். அதற்குப் பிறகு எல்லாமே நான்தான். சோறு, பள்ளிக்கூடம், காய்ச்சல், எல்லாம். நன்றாகப் படித்தாள். கல்லூரியில் சேர்ந்த மறு வருஷம் ஒரு நாள் பையைக் கழற்றி வைத்தவள், அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. வகுப்பில் யாரோ எதையோ சொல்லிச் சிரித்தார்களாம். என்ன சொன்னார்கள் என்று எத்தனையோ முறை கேட்டேன். "உனக்குப் புரியாதும்மா" என்றாள். ஆனால் சுண்டுவிடம் சொல்லியிருக்கிறாள்.

சுண்டு யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அப்போது எனக்கு அது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் ஒரு பெயர். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மகள் அந்த ஊருக்குள் போய்விடுவாள். கணினிக்குள் இருக்கிற ஊர். ஆறு இருக்கிறது, தெரு இருக்கிறது, ஆளுக்கொரு வீடு இருக்கிறது. ஆளுக்கொரு உருவம், ஆளுக்கொரு செல்லப்பெயர். என் மகளுக்கு அங்கே மின்மினி என்று பெயர். சுண்டு பக்கத்து வீடு. ஆற்றங்கரையில் படகுக்காரர் என்று ஒருவர். வெளியே அவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரியாம், உள்ளே படகு கட்டிக் கட்டி எல்லோருக்கும் கொடுப்பாராம். அவர்களோடு மணிக்கணக்காகப் பேசுவாள், சிரிப்பாள், அழக்கூடச் செய்வாள். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் என்னிடம் இரண்டே வார்த்தை. "பசிக்கல." "வச்சிடு."

எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. நான் ஒட்டுக் கேட்டேன் என்று அவள் சொல்லியிருப்பாள். என் வீட்டில் என் காதில் விழுந்ததைக் கேட்டேன், அவ்வளவுதான். சுண்டு செவிலி, அவளுக்கு நிச்சயம் பண்ணியது நின்றுபோனது. படகுக்காரருக்கு மனைவி இல்லை. அவர் கட்டிய படகுக்கு மின்மினி என்று பெயர் வைக்காததில் அவருக்கும் என் மகளுக்கும் மனத்தாங்கல், பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். என் மகளைப் பற்றித்தான் எதுவும் தெரியாது.

ஒரு நாள் அவள் மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் கிடந்தால் வேறென்ன ஆகும். அன்றைக்கு ஹெட்செட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். எந்தத் தாயும் செய்வதுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தவள் எழவே இல்லை. எனக்கு அவள் சிநேகிதர்களை நினைத்து மனசு கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போனால் பாவம், தேடுவார்கள் இல்லையா? இனி வரமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கூடத்தில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டேன். அது கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. மாட்டியதும் திறந்துகொண்டது.

அந்த ஊரில் மின்மினி வீட்டு வாசலிலேயே சுண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சட்டை போட்ட, எலிக்காது வைத்த ஒரு சின்ன உருவம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? உசுரே போயிடுச்சு எனக்கு."

என்னை யாரும் 'டி' போட்டுக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? நான் இன்னார் மனைவி, இன்னார் அம்மா, கண்ணாடிக்கடை அக்கா. நான் வாயைத் திறந்தேன். "உடம்பு சரியில்லடி" என்று வந்தது. அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கடையிலிருந்து வந்ததும் மகளுக்குத் தட்டு வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவேன். படகுக்காரரிடம் நானே வலியப் போய்ப் பேசினேன். "நான் பேசினது தப்புங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அந்த மனிதர் கரைந்துவிட்டார். அடுத்த படகுக்கு மின்மினி என்று பெயர் வைத்தார். என் மகளுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்வாள். "நீ ரொம்ப மாறிட்டடி. முன்னெல்லாம் சுள்ளுனு விழுவ. இப்பதான் உன்கிட்ட மனசு விட்டுப் பேச முடியுது" என்று சுண்டுவே சொன்னாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "ஆமா, உங்க வீட்டு சிசிடிவி எப்படி இருக்கு?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எந்த சிசிடிவி?"

"நடிக்காத. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டோட நின்னு ஒட்டுக் கேக்குமே, உங்கம்மா."

அங்கே எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. எத்தனை காலமாக என்னை வைத்துச் சிரித்திருப்பார்கள். கோபப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நிதானமாகச் சொன்னேன்: "அப்படிச் சொல்லாத சுண்டு. எங்கம்மா மாதிரி யாரும் கிடையாது. அவங்கள நான்தான் புரிஞ்சுக்கல."

சுண்டு மெதுவாக, "சாரிடி" என்றாள். 'எங்கம்மா மாதிரி யாரும் கிடையாது' என்ற அந்த ஒரு வாக்கியத்தை என் மகளின் வாயிலிருந்து கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன். கடைசியில் கேட்டேன். கண்ணாடிக்குள் கண்ணீர் விட்டால் வில்லை மங்கிவிடும் என்பது என் தொழிலில் தெரிந்ததுதான், ஆனாலும் அழுதேன்.

அந்தச் சமயத்தில் என் மகள் எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. நான் ஹெட்செட்டைக் கழற்றியபோது எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருகூட பேசிட்டு இருந்த?"

"சும்மாதான்மா."

"என் குரல்ல பேசிட்டு இருந்த. நான் பேசற மாதிரியே பேசிட்டு இருந்த." கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "எனக்குன்னு அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

உள்ளே போய் இரண்டு உடுப்பைப் பையில் திணித்தாள். சுண்டு வீட்டுக்குப் போகிறாளாம். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறாளாம். அந்த நிலைமையில் ஒரு பெண்ணைத் தனியாக வெளியூர் அனுப்ப எந்தத் தாய்க்காவது மனசு வருமா? சொல்லுங்கள். நான் தடுக்கவில்லை. "வெறும் வயித்தோட போகாத. இந்தப் பாலக் குடிச்சிட்டுப் போ" என்றேன். எனக்குத் தூக்கம் வரவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. அதைத்தான் பொடித்துப் போட்டிருந்தேன். என் தூக்கத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவள் போனை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் எழுவதற்குள் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் வந்து அவள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்திவிட்டுப் போனார். "அக்கா, தாழ்ப்பாள் உள்பக்கம்தானே போடணும்? வெளிய கேக்குறீங்க" என்றார். பூனைத் தொல்லை என்றேன். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த அறையில் ஒரு குறையும் கிடையாது. குளியலறை உள்ளேயே இருக்கிறது. மின்விசிறி இருக்கிறது. ஜன்னல் பின்சுவரைப் பார்த்து இருப்பதால் வெயில் தொல்லை இல்லை. மூன்று வேளையும் நான் கையால் சமைத்தது. கோபம் தணியும்வரை என்றுதான் நினைத்தேன். கோபம் தணியவில்லை. கதவைத் தட்டினாள், சில நாள் உதைத்தாள். சொந்தக்காரர்கள் கேட்டால் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்றேன். "அப்பாடா, ஒருவழியா திருந்திட்டா" என்றார் என் அண்ணன். யாரும் அவளிடம் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. அதையும் யோசித்துப் பாருங்கள்.

தட்டும் சத்தம் அங்கே சுண்டுவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறது என்றேன். பிறகு தினமும் பாலில் மாத்திரை போட வேண்டியதாயிற்று. குடிக்க மறுத்த நாட்களில் சாப்பாட்டில் கலந்தேன். சாப்பாட்டையும் மறுத்தபோது தண்ணீரில். மழை முடிந்து, குளிர் போய், வெயிலும் வந்துவிட்டது. அவள் அமைதியாகிவிட்டாள். நான் தட்டை உள்ளே வைக்கும்போது எழுந்துகூடப் பார்க்க மாட்டாள்.

அங்கே மின்மினியோ நாளுக்கு நாள் நன்றாக இருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வீடு காட்டிக் கொடுப்பவள் அவள்தான். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். "நீ இல்லன்னா இந்த ஊரே இல்லம்மா" என்று படகுக்காரர் ஒரு முறை சொன்னார். இருபத்தோரு வருஷம் நான் வளர்த்ததில் வராத பிள்ளை, அங்கே சில மாதத்தில் வந்தது.

பிறகு பிறந்தநாள் வந்தது. ஆற்றங்கரை முழுக்க விளக்கு போட்டிருந்தார்கள். எல்லாப் படகும் வரிசையாக நின்றன. யாருடைய பிறந்தநாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளுடையதுதான். ஆனால் அந்த நாளில் வலி பட்டது நான். எனக்காக யாராவது ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறார்களா? அன்று கூட்டத்தின் நடுவில் நின்றபோது முதல்முறையாக எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றியது. சந்தோஷத்தில் மாத்திரையை மறந்துவிட்டேன். நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

சுண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ரொம்ப மெலிந்த குரல். "சுண்டு" என்றது. மறுபடியும், "சுண்டு, அது நான் இல்லடி."

விளக்கெல்லாம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சுண்டு அசையாமல் நின்றாள். "மின்மினி, இப்ப பேசினது யாரு?" என்றாள். டிவி என்றேன். அவள் உருவம் அந்த இடத்திலிருந்து மறைந்துவிட்டது.

முன்பொரு முறை சுண்டு என் மகளுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருந்தாள், முகவரி அவளிடம் இருந்தது. மறுநாள் உங்களோடு வாசலில் வந்து நின்றாள். எலிக்காது இல்லை, பச்சைச் சட்டை இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, களைத்துப்போன ஒரு பெண். இருந்தாலும் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்னை அறியாமல், "வாடி சுண்டு" என்றேன். ஏதோ சூடுபட்டதுபோல் அவள் பின்னால் போனாள். நீங்களும் பார்த்தீர்கள். எத்தனை நாள் என் தோளில் சாய்ந்து அழுதவள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் காவலர் அந்த அறையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "சின்னப் பிள்ளையா மேடம்?" என்று கேட்டார். எடை குறைந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அது பார்வைக் குறை இல்லை, வெளிச்சம் பழகாததால் வரும் கூச்சம். கொஞ்சநாள் கறுப்புக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் ஆமாம். பூட்டியது நான். மாத்திரை கொடுத்தது நான். அவள் பெயரில் பேசியது நான். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அந்த நாள் வந்தாலும் அந்தப் பாலைத்தான் கொடுப்பேன். ஒரு பெண் கெட்டுப்போகாமல் நாலு பேர் மெச்ச வாழ்ந்தாள் என்றால், அதற்கு நான்தான் காரணம்.

ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்தப் பெண், 'எனக்கு அம்மா கிடையாது' என்று சொன்னதாக வாசித்துக் காட்டினீர்களே, அதை அடித்துவிடுங்கள். என் மகள் என்னைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டாள். என்னைப்போல ஒரு அம்மா யாருக்கும் வாய்க்காது என்று ஊரே கேட்கச் சொன்னவள் அவள். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் அவளையே கேட்டுவிடலாம். மேசைமேல் வைத்திருக்கிற அந்த ஹெட்செட்டை இப்படிக் கொடுங்கள், நான் அவளைக் கூப்பிடுகிறேன்.