தேதி எழுதாத மனு

நாடாளுமன்ற விவாதப் பதிவில், பொதுநிதியையும் வேலைவாய்ப்பையும் பற்றி எங்கள் தொகுதி உறுப்பினர் பேசியதில் ஒரு வரி வருகிறது: “பணியிலிருக்கும்போதே இறந்த தபால்காரர் பழனிச்சாமியின் மகனுக்கு இன்னும் வாரிசு வேலை தரப்படவில்லை.” அதைத் தேடிப் படிக்க வைத்தது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவிநாசி வழியாகப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் நான் கேட்ட பேச்சு.

“ஏனுங்க, நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு எம்.பி. பார்லிமெண்டுல பேசிப்போட்டாருங்க” என்று ஓர் அம்மாள் கணவரிடம் கைப்பேசியை நீட்டினார்.

காக்கிச் சட்டை போட்டிருந்த அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பரவால்ல, டெல்லி வரைக்கும் நம்ம பேரு போயிருச்சு. மனு யாரு குடுத்தது?”

“நாந்தானுங்க.”

“நான் உசுரோட இருக்கறப்பவா?”

“மனுக் குடுத்தா வருசக்கணக்குல ஆகுதுங்களே. அதான் முன்னாலயே குடுத்து வெச்சேன். செத்த தேதிய மட்டும் எழுதாம உட்டுருக்கறனுங்க.”

அவர் சிரிப்பு நின்றது. “அதுக்கு இப்ப என்ன அவசரம் புள்ள?”

“மாசக் கடைசியோட உங்களுக்கு ரிட்டயர்மெண்டுங்க. அதுக்கப்புறம் ஆச்சுன்னா பையனுக்கு வேலை கெடைக்காதுங்களே.” சொல்லிக்கொண்டே அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டார்.

அவிநாசியில் அம்மாள் முதலில் இறங்கி, “வாங்க, ஊட்டுக்குப் போலாம்” என்று கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.

அந்த மாதம் முடிந்துவிட்டது. பழனிச்சாமி ஓய்வு பெற்றாரா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.