வழிவிட்ட கை

மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம், மாஜிஸ்திரேட் ஐயா. நான் நீட்டி முழக்குகிறவன் இல்லை. சாயங்காலம் இங்கே கையெழுத்துப் போட எங்கள் அணியின் மெக்கானிக் ப்ரீமோ மலகோலி வருகிறார் என்று கேள்விப்பட்டேன். எலியோவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று ஒத்துக்கொள்ளப் போகிறாராம். அவர் வருவதற்குள் நான் பேசிவிட வேண்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அடுத்தவனுக்கு முன்னால் வந்து சேர்கிறேனே என்று எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

போன தடவை நான் வந்தபோது பெயர் ஒர்ஃபேயோ ஸம்பெல்லி, தொழில் கார் பந்தயம் என்று எழுதிக்கொண்டீர்கள். கார் பந்தயம் என்றதும் உங்கள் குமாஸ்தா ஆவலாக நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன், ஒரே ஒரு தடவை மூன்றாவதாக வந்திருக்கிறேன். அதுவும் முன்னால் போன நாலு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்ட புண்ணியத்தில் கிடைத்தது. ராசியில்லாத பதினேழாம் எண்ணை நம் நாட்டில் எவனும் காரில் எழுத விடமாட்டான் இல்லையா, அதை ஒருமுறை என் தலையில் கட்டினார்கள். உனக்கு இதற்கு மேல் என்னப்பா கெட்டுவிடப் போகிறது என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நல்ல பெயர் உண்டு. அது என் கை. பின்னால் வேகமான வண்டி வந்தால் முன்னால் போகிறவன் கையைத் தூக்கி, இந்தப் பக்கமாகப் போ என்று காட்டுவது எங்கள் வழக்கம். ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு முன் வண்டியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. கை சொல்கிற பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போவான். அந்தக் கை பொய் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சொல்லும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

என்னைப் போல அழகாகக் கை காட்டுகிறவன் இத்தாலியிலேயே கிடையாது என்று பத்திரிகைகள் எழுதின. ஓட்டுவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாதபோது பாவம், அவர்களும் எதையாவது எழுத வேண்டாமா?

எலியோ கவிக்கி எங்கள் அணிக்கு வந்தது போன வருடம். எங்கள் முதலாளி பொன்விச்சினி மொதெனாவில் மொர்த்தடெல்லா இறைச்சி செய்து விற்கிறவர், அந்த லாபத்தில் இரண்டு கார் வைத்திருந்தார். எலியோ நல்ல பையன். பிறவிப் பந்தயக்காரன். ப்ரீமோவின் மகளைக் கட்டிக்கொள்வதாக இருந்தான். சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் கூடும்போது, ஒரு கையால் தொர்த்தெல்லீனியைத் தின்றுகொண்டே மறு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டி என்னைப் போலவே நடிப்பான்.

"அண்ணன் எங்கடா கார் ஓட்டுறாரு? டிராஃபிக் போலீஸ் உத்தியோகம்ல பாக்குறாரு" என்பான்.

கடையே சிரிக்கும். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பேன். நல்ல நகைச்சுவை அது, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடற்கரைப் பாதையில் பந்தயம். பெரிய அணிகளின் வண்டிகள் வெயிலில் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. பாதிக்கு மேல் போனபோது முன்னால் ஒருவரையும் காணோம். வழி தவறிவிட்டேனோ என்றுதான் முதலில் பயந்தேன். அப்புறம்தான் நான் முதலில் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஐயா, அந்த ஒரு மணி நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் எலியோ. என் வண்டி காற்றைக் கிழித்துக் கொடுக்க, தன் எஞ்சினை நோகடிக்காமல் ஒட்டிக்கொண்டே வந்தான். இதுவும் முதலாளியின் ஏற்பாடுதான். காலையிலேயே தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால இருந்தா, கடைசி ரவுண்டுல நீ கையைத் தூக்கிடு ஒர்ஃபேயோ. பையன் போயிடட்டும். உனக்கு நல்ல பன்றித் தொடை ஒண்ணு வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

கடைசிக்கு முந்தின சுற்றில், நேர்ப்பாதை முடிகிற வளைவில் ஒரு நீலக் கார் எஞ்சின் வெடித்து நின்றது. இடப்புறம் முழுக்க எண்ணெய். என் இடது சக்கரங்கள் மட்டும் அதில் பட்டு வண்டி ஒரு துள்ளு துள்ளியது. எலியோ கொஞ்சம் வலப்புறமாக வந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொடி காட்ட வேண்டியவன் நீலக் கார்க்காரனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சுற்றில் அதே நேர்ப்பாதையில் கையைத் தூக்கினேன். இடப்புறம் போ என்று காட்டினேன்.

அவன் உடனே விலகி என் பக்கத்தில் வந்தான். கடந்து போகும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நன்றி சொல்வதற்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். அப்புறம் வளைவுக்காகப் பிரேக்கை மிதித்தான். வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய்க் கல்சுவரில் மோதியது, வைக்கோல் கட்டுகள் பற்றிக்கொண்டன.

நான் வலப்புறமாகப் போய்ப் பந்தயத்தை முடித்தேன். முதலிடம். வாழ்த்துவதற்கு ஒரு ஈ காக்காய் இல்லை, எல்லோரும் புகையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். என் முதல் வெற்றி பின்னே எப்படி அமையும்?

அந்த நெருப்பில் எண்ணெயும் எரிந்துபோயிற்று. மிச்சத்தைத் தீயணைப்புக்காரர்கள் கழுவிவிட்டார்கள். நீங்கள் வண்டியைப் பறிமுதல் செய்தீர்கள். முறைப்படி வழிவிட்டாயா என்று என்னைக் கேட்டீர்கள். கை காட்டினேன் என்றேன். நூறு பேர் பார்த்திருக்கிறார்கள், அது பொய் இல்லை. நான் தூக்கிய கை அழகாகப் படத்தில்கூட வந்தது. வழியும் விட்டாயிற்று, பாதையும் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது பிரேக். பிரேக் என்றால் ப்ரீமோ.

நேற்றுக் காலை அவரைப் பார்க்கப் போனேன். உங்கள் ஆட்கள் முத்திரை வைத்த பட்டறைக் கதவுக்கு வெளியே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். மகள் அவரோடு பேசுவதில்லையாம். வீட்டில் மேஜைமேல் அவருக்குத் தட்டு வைப்பதையும் நிறுத்திவிட்டாளாம்.

"அந்த பிரேக் போல்ட்ட முறுக்கினேனான்னு ஞாபகமே வர மாட்டேங்குது ஒர்ஃபேயோ" என்றார். "நீ பக்கத்துலதான நின்னே. முறுக்கினேன்ல?"

முறுக்கினார். ஒன்றுக்கு இரண்டு தடவை முறுக்கியதை நானே பார்த்தேன். ஆனால் நான், சரியாகக் கவனிக்கவில்லையே ப்ரீமோ என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப முறுக்கியிருக்க மாட்டேன். ஒத்துக்கிடுறேன். அப்பவாச்சும் பிள்ளை என் மூஞ்சியில முழிப்பா."

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் வந்தேன். அந்த மனிதர் பிரேக்கில் எந்தக் குறையும் வைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது இன்றைக்கே சொன்னால் நல்லது.

பொறாமை என்று எழுதாதீர்கள். நான் பொறாமைப்பட ஆரம்பித்திருந்தால் இத்தாலியில் பாதிப் பேர் மேல் பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் வழுக்கிப் பின்தங்குவான் என்றுதான் நினைத்தேன் என்று வக்கீல் சொல்லச் சொல்வார். அதையும் எழுதாதீர்கள். அந்த வளைவில் அந்த வேகத்தில் எண்ணெய்மேல் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் அந்த அளவுக்குத் தொழில் தெரியும். அவன் சாவான் என்று தெரிந்தேதான் கையைக் காட்டினேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா?

ஒரே ஒரு வேண்டுகோள். பந்தயச் சங்கத்துக்கு நீங்கள் எழுதும்போது, அந்த முதலிடத்தை மட்டும் அடிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னை எத்தனை வருடம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். ஆனால் அது இருக்கட்டும், ஐயா. யார் தயவும் இல்லாமல் நானே நேர்மையாக ஓட்டி ஜெயித்தது அது ஒன்றுதான்.